ஈறுக்கும் முழங்காலுக்கும் நடுவே

ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் பல் டாக்டர் நிவேதா போன வாரம் போன் செய்தாள். கெட்டிக்காரப் பெண். நான் ஓய்வு பெற்ற அன்று பல் அறையின் சாவியை வாங்கிக்கொண்டு, "அந்த வேப்பமரத்து ஜன்னலை மட்டும் அடைக்கவே மாட்டேன் மேடம்" என்று கேட்காமலே வாக்குக் கொடுத்தவள்.

"மூட்டு வீங்கி வர்ற பிள்ளைங்களைக் கண்ணுக்கு அனுப்புற மாதிரியே இப்பப் பல்லுக்கும் அனுப்புறாங்க மேடம். வாயில இருக்கிற பாக்டீரியாவுக்கும் பிள்ளைங்களோட மூட்டுவாதத்துக்கும் சம்பந்தம் இருக்கும்போலன்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா நம்ம ஆஸ்பத்திரியில இந்தப் பழக்கம் ரொம்ப வருசமா இருக்குன்னு ஜோதி சிஸ்டர் சொன்னாங்க. நீங்களும் குழந்தைகள் பிரிவு சீஃபும்தான் தொடங்குனீங்களாமே. எப்படி மேடம் தோணுச்சு?"

"தோணலம்மா. ஒரு பிள்ளை வந்தா" என்றேன்.

"அப்ப அதை எழுதுங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தால் வருடங்கள் வரிசையில் வருவதில்லை. வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு முகங்கள் அவ்வளவாக நினைவில் இல்லை. கண்ணை மூடினால் வாய்கள்தான் மிதந்து வருகின்றன. வெற்றிலைக் கறை ஏறிய வாய், பால்பல் ஆடுகிற வாய், பயத்தில் இறுகிப்போன வாய். அவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒரு மதிய வெயில், ஒரு அச்சு பிரஸ் ஓடுகிற சத்தம், தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம். எது எந்த வருடம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மல்லாங்கிணறு பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் வெறும் கரிசல். அங்கிருந்து பஸ் ஏறிப் படிக்கப் போனேன். படித்து முடித்துத் திரும்பியபோது ஊரில் என்னைப் 'பல்லுப் பிடுங்குற டாக்டர்' என்றார்கள். அது உண்மையும்கூட. விருதுநகரில் முதல் சில வருடங்கள் காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டினால் மதியம் வரை பிடுங்கிக்கொண்டே இருப்பேன். அரசு ஆஸ்பத்திரிகளில் பல் அறை எப்போதும் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும். மற்ற டாக்டர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. வாய் என்பது உடம்போடு சேராத ஒரு தனிப் பொருள் என்பதுபோல நானும் அவர்கள் பக்கம் போனதில்லை.

அந்த எண்ணத்தை முதலில் கலைத்தவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். அவர் அறைக்குள் வந்தாலே வத்தல் நெடியும் கூட வரும். எனக்கும் அவருக்கும் மாறி மாறித் தும்மல். ஈறெல்லாம் சீழ் வைத்து, பற்கள் சேற்றில் நட்ட குச்சிகள்போல ஆடின. பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, மிச்சத்தின் வேர் வரைக்கும் சுத்தம் செய்து அனுப்பினேன். சில மாதம் கழித்து வந்தார்.

"ஏத்தா, எம்புட்டு மாத்திர போட்டும் எறங்காத சக்கர எறங்கிருச்சே. நீ பல்லுல என்னத்த வச்ச?"

நான் எதையும் வைக்கவில்லை. ஈறில் இருந்த புண்ணை எடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரத்தில் தலை சாய்த்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஈறு ஒரு கதவு. அது புண்ணாகித் திறந்து கிடந்தால் வாயில் குடியிருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். பாடத்தில் படித்ததுதான். அன்றைக்குத்தான் அது ஒரு மனிதரின் உருவத்தில் வந்து என் எதிரே தும்மியது.

பிறகு சிவகாசி வட்டாரத்துக்கு மாற்றலானேன். அங்கே குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் சிவசுப்பிரமணியன். எல்லாரும் அவரைச் சீஃப் என்போம். உயரமான மனிதர். ஆனால் வெளிநோயாளிகள் அறையில் அவர் உட்காருவது ஒரு குட்டை ஸ்டூலில். முட்டி இரண்டும் காதுக்கு நேராக நிற்கும். குழந்தையின் கண் தன் கண்ணைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டீ வந்தால் உடனே குடிக்க மாட்டார். கண்ணாடி டம்ளரைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். "குளிர்ந்த கையோட வீங்குன மூட்டத் தொட்டா பிள்ள நம்மளை மறக்காது" என்பார்.

அவர் குழந்தைகளைப் பரிசோதிப்பதைப் பார்க்கவே நான் சில நாள் என் அறையிலிருந்து அங்கே போயிருக்கிறேன். பரிசோதனை என்றே தெரியாது. முதலில் பெரிய மனிதர்களிடம் செய்வதுபோலக் கைகுலுக்குவார். அதிலேயே மணிக்கட்டும் விரல்களும் அவருக்குத் தெரிந்துவிடும். "எங்க, சாமி கும்பிடு பாப்போம்" என்பார். உள்ளங்கைகள் இரண்டும் முழுசாகப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பிறகு கையைத் திருப்பிப் புறங்கையோடு புறங்கை. பிறகு முஷ்டி. பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொடச் சொல்வார். "மேல ஃபேன் ஒழுங்கா சுத்துதா, எனக்குச் சொல்லு" என்றால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், அது கழுத்துக்கு. "வாயைத் தொறந்து ஒன் மூணு வெரல அடுக்கி உள்ள விடு" என்பது தாடைக்கு. கடைசியில் குதிகாலால் கதவு வரை நடந்து, நுனிக்காலால் திரும்பி வர வேண்டும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருடைய கண் ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டுக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும்.

பவித்ரா வந்தது ஒரு மழை நாளில். அந்தப் பக்கத்தில் மழை பெய்தால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை இருக்காது. வெயில் அடிக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்கு வர முடியாத தாய்மார்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். தாழ்வாரம் முழுக்க ஈரக் குடை, ஈரச் சேலை, பிள்ளைகளின் இருமல். நான் பஞ்சு டின் வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன்.

எட்டு வயதுப் பெண். திருத்தங்கல்லில் வீடு. அம்மா பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா கருப்பசாமி ஒரு பிரஸ்ஸுக்கு லோடு ஆட்டோ ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை எழுந்து நிற்கவே நேரமாக்குகிறாள், எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள், சோம்பேறித்தனம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சாமி கும்பிடு பாப்போம்" என்றார் சீஃப்.

பவித்ரா கையைக் குவித்தாள். உள்ளங்கைகள் பொருந்தவில்லை. உள்ளே ஒரு குருவிக்குஞ்சை மூடி வைத்திருப்பதுபோல நடுவில் இடைவெளி நின்றது. முகத்தில் வலியைக் காட்டாமல் அப்படியே கும்பிட்டபடி நின்றாள். சீஃப் தன் சூடான கையை அவள் கைகளின்மேல் லேசாக வைத்து, "போதும்மா, எறக்கிக்கோ" என்றார். மூன்று விரலை வாயில் விடச் சொன்னதற்கு அவள் ஒரு விரலைத்தான் விட்டாள்.

அவர் எழுந்தார். என்னைப் பார்த்து, "உங்க ரூமுக்குத்தான் வர்றேன் மேடம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து வந்தார். அந்தக் கடைசி அறைக்குள் வேறொரு பிரிவின் தலைவர் காலடி வைத்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வாயத் தொறன்னா தொறக்க மாட்டேங்குறா டாக்டரம்மா" என்றாள் பேச்சியம்மாள். "சோத்தக் கொழையப் பெசஞ்சு ஓரமாத் தள்ள வேண்டியிருக்கு. பிடிவாதம்னு நெனச்சு ரெண்டு அடி வச்சுட்டேன்."

என் இரண்டு நடுவிரல்களையும் அவள் காதுக்கு முன்னால் வைத்து மெதுவாகத் திறக்கச் சொன்னேன். வலது பக்கத் தாடை மூட்டு வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. இடது பக்கம் வரவே இல்லை. மோவாய் இடதுபுறமாகக் கோணிக்கொண்டு போய் நின்றது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால் ஈறுகள் கறுத்துச் சிவந்து உப்பியிருந்தன. கீழ் முன்பற்களுக்குப் பின்னால் பற்காரை, சுண்ணாம்பு பூசியதுபோல. தொட்டாலே ரத்தம். பிரஷ்ஷைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, பிடித்தாலும் உள்ளே விட வாய் திறக்கவில்லை. பல் தேய்ப்பதை அந்த வீடு எப்போதோ கைவிட்டிருந்தது.

அன்று மழை விடும்வரை சீஃபும் நானும் ஜன்னலோரம் நின்று பேசினோம்.

"மூட்டு வலிச்சதால பல் தேய்க்காம ஈறு கெட்டுச்சா மேடம்? இல்ல, ஈறுல இருந்த பாக்டீரியா உள்ள போயி ஒடம்பச் சீண்டி விட்டு, அது இப்பத் தன் மூட்டையே தாக்குதா? எது முந்தி?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல. நீங்க வாயைப் பாருங்க, நான் மூட்டைப் பாக்கறேன்."

மதுரையில் மூட்டு நிபுணரிடம் அனுப்பினார். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம்தான் என்று உறுதியானது. வாரம் ஒருமுறை போடும் மாத்திரை, கண்ணுக்குள் சத்தமில்லாமல் வரக்கூடிய அழற்சிக்காகக் கண் பரிசோதனை, தாடைக்கும் கைக்கும் பயிற்சி. பல்லுக்கு நான்.

காலையில் அவள் வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கும். பொழுது ஏற ஏற மூட்டு இளகி, மதியத்துக்குமேல் இரண்டு விரல் போகும். அதனால் அவளை மதியம் வரச் சொன்னேன். மற்ற நோயாளிகள் போன பிறகு அறை வேறு ஏதோ ஊர்போல ஆகிவிடும். வேப்பமர நிழல் சுவரில் தண்ணீர்போல அசையும். ஜோதி சிஸ்டர் வெந்நீரில் துவாலையை நனைத்துப் பிழிந்து, பிள்ளையின் இரண்டு கன்னங்களையும் சேர்த்து மூடி வைப்பாள். ஆவி அடங்கும்வரை காத்திருப்போம்.

மெஷின் சத்தம் அவளுக்குப் பயம் என்பதால் கையால்தான் சுரண்டினேன். முதலில் ஈறின் ஆழம் பார்க்கும் ஊசிபோன்ற அளவுகோலை அதன் ஓரத்தில் இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி நடத்திக்கொண்டு போவேன். அழுத்தக் கூடாது, இலைமேல் எறும்பு போவதுபோலப் போக வேண்டும். பிறகு வளைந்த கருவியால் காரையைக் கீழிருந்து மேலாகப் பெயர்ப்பேன். கொஞ்சம் செய்துவிட்டு நிறுத்தி, வாயை மூடி ஓய்வெடுக்கச் சொல்வேன். கொப்பளித்துத் துப்பினால் தொட்டியில் சிவப்பாகப் போகும். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தச் சிவப்பு வெளிறிக்கொண்டே வந்தது.

தூரத்தில் எங்கோ கம்பெனியில் பட்டாசு வெடித்துப் பார்ப்பார்கள். சத்தம் வெயிலில் நனைந்ததுபோல மந்தமாக வந்து சேரும். பவித்ரா பாதி மூடிய வாயோடு, "அது சரம்" என்பாள். இன்னொன்று கேட்டால், "அது ஒத்த வெடி". கண் மூடித்தான் இருக்கும். ஜன்னல் வழியாக எப்போதாவது ஒரு வண்ணக் காகிதத் துண்டு பறந்து வந்து தரையில் விழும். அந்த மதியங்களில் நான் வேலை செய்தேனா, கனவு கண்டேனா என்று இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது.

கருப்பசாமி ஒருநாள் ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டினார். சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் கைப்பிடிக்குள் சின்னப் பல் பிரஷ்ஷைச் செருகி, ஆடாமல் இருக்க உள்ளே அட்டையைத் திணித்திருந்தார்.

"இப்ப அவளால பிடிக்க முடியுது டாக்டரம்மா. காலையில மட்டும் நான் தேச்சு விடுறேன். நீங்க சொன்னாப்புல வட்டம் வட்டமா."

பெருமைதான் அவர் முகத்தில். பவித்ரா அந்தக் கைப்பிடியை என்னிடமிருந்து உடனே வாங்கிக்கொண்டாள்.

பிறகு சீசன் வந்தது. தீபாவளி ஆர்டர்கள், ஓவர்டைம், பிரஸ்ஸில் விடாத லோடு. மழையும் வரவில்லை. அவர்கள் வருவது நின்றுபோனது. நான் ஒவ்வொரு மதியமும் தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

தீபாவளி கழிந்து சில நாளில் கருப்பசாமி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தார். முழங்கால் இரண்டும் மறுபடி உருண்டையாக வீங்கியிருந்தன.

"டாக்டரம்மா, இவ பல்லு எல்லாத்தையும் பிடுங்கிருங்க" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து நீட்டினார். சொந்தக்காரர் யாரோ அனுப்பிய வீடியோ. ஒரு மனிதர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எல்லா மூட்டுநோய்க்கும் பல்தான் காரணம், பல் போனால் நோயும் போகும் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

"நீங்களுந்தான பல்லச் சுத்தம் பண்ணுனீக? அப்ப கிருமி பல்லுல இருக்குன்னுதான அர்த்தம்? கழுவிக் கழுவி விடுறதுக்கு வேரோட எடுத்துட்டா முடிஞ்சு போச்சுல்ல?"

"கருப்பசாமி, இதுல பாதி இப்பத்தான் முளைச்ச பல்லு. ஆயுசுக்கும் வேணும். பிடுங்க மாட்டேன்."

"நீங்க மாட்டீகன்னா பிடுங்குறவுக இருக்காக" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தோளுக்குமேல் பவித்ரா என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் ஜோதி சிஸ்டருக்குப் போன் செய்தாள். மறுநாள் பக்கத்து ஊரில், டாக்டருக்குப் படிக்காமலே பல் கட்டுகிற ஒருவரிடம் கருப்பசாமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாராம். எல்லாப் பல்லையும் எடுத்துவிடுவதாக அந்த ஆள் ஒப்புக்கொண்டுவிட்டாராம். ஜோதி எனக்குச் சொன்னாள், நான் சீஃபுக்குச் சொன்னேன். "கெளம்பி நில்லுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். 

ஒற்றை அறை வீடு. சுவர் முழுக்க பிரஸ்ஸில் வீணாய்ப்போன பட்டாசு லேபிள் தாள்களை ஒட்டியிருந்தார்கள். கிளிகளும் ரோஜாக்களும் வரிசை வரிசையாக. நிறங்கள் கொஞ்சம் விலகி அச்சாகியிருந்ததால் ஒவ்வொரு கிளிக்கும் பக்கத்தில் ஒரு நிழல் கிளி. அதற்குக் கீழே பாயில் பவித்ரா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சீஃப் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உயரமான மனிதர் அவ்வளவு சின்ன இடத்தில் மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்துக் கருப்பசாமி பதறி, "சேர் இருக்கு சார், சேர்ல உக்காருங்க" என்றார். சீஃப் கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றார்.

"என்னத்தச் சொல்ல சார்? காலையில அவ முழிக்கயில வந்து பாருங்க. நான்தான் தூக்கிட்டுப் போறேன் கக்கூசுக்கு. 'மெதுவாப்பா, மெதுவாப்பா'ங்கா. எட்டு வயசுப் பிள்ள. அந்தச் சத்தம் ஆட்டோ ஓட்டயில எல்லாம் காதுல கேக்குது. பல்லுதான் காரணம்னு தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றீகளா?"

"காரணம்னு யாரும் கண்டுபிடிக்கல. சம்பந்தம் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"டாக்டர் நீங்களே தெரியாதுங்கீக."

"ஆமா. தெரியாதுதான். தெரியாததத் தெரிஞ்சாப்புல சொல்ற ஆளுகிட்ட நாளைக்குப் போகப் போறீங்க. அதான் நாங்க ஓடி வந்தோம்."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. என் கைப்பையில் டார்ச்சும் கண்ணாடியும் இருந்தன.

"கருப்பசாமி, இங்கன வாங்க. நீங்களே பாருங்க" என்றேன்.

பவித்ரா முடிந்த அளவு வாயைத் திறந்தாள். நான் உதட்டை விலக்கி வெளிச்சம் அடித்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"மொத நாள் வந்தப்ப இந்த ஈறு என்ன நெறத்துல இருந்துச்சு?"

"கருஞ்செவப்பா. தொட்டா ரெத்தம் வரும்."

அளவுகோலை ஈறின் ஓரத்தில் இறக்கி மெதுவாக நடத்தினேன். ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. இளஞ்சிவப்பாக, இறுக்கமாக, பல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது ஈறு.

"இது என் வேலையில்ல. நீங்க தெனமும் வட்டம் வட்டமாத் தேச்சு விட்டீங்கள்ல, அது. கிருமி உள்ள போற கதவ நீங்களே சாத்திட்டீங்க. ஆனா மொளங்கால் திரும்ப வீங்கியிருக்கு. பல்லு மட்டுந்தான் காரணம்னா, ஈறு ஆறியிருக்கயில மூட்டு ஏன் வீங்குது?"

அவர் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு முழங்காலைப் பார்த்தார். வாய்க்கும் முழங்காலுக்குமாக அவர் பார்வை போய்ப் போய் வந்தது. சுவரோரம் நின்றிருந்த பேச்சியம்மாள்தான் உடைந்தாள்.

"மாத்திரய நான்தான் நிப்பாட்டுனேன் சார். போட்டா ரெண்டு நாளைக்கு வாந்தி. சோறு எறங்கல. கம்பெனியில ஒரு அக்கா அது புத்துநோய்க்குக் குடுக்குற மாத்திரன்னு சொன்னாக. பயந்துட்டேன். இவுகளுக்குத் தெரியாது."

கருப்பசாமி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எந்தத் தாயும் மறுபடி அந்த மாத்திரயக் குடுக்க மாட்டா" என்றார் சீஃப். "புத்துநோய்க்கும் குடுக்கிறதுதான், நெசம். இவளுக்குக் குடுக்கிற அளவு ரொம்பக் கம்மி. ஒடம்பு மூட்டோட போடுற சண்டைய அடக்குறதுக்கு. அதையே ஊசியா மாத்திப் பாப்போம், வாந்தி கொறையும். மதுரையில பேசிட்டுச் சொல்றேன்."

பவித்ரா அப்போதுதான் பேசினாள். "அப்ப நாளைக்குப் பல்லப் பிடுங்க மாட்டாகளா?"

"இல்லத்தா" என்றார் கருப்பசாமி. "ஒரு பல்லக்கூடத் தொட விட மாட்டேன்."

திரும்பி வரும்போது சீஃப் காரை வழியில் நிறுத்தி ஒரு டீக்கடையில் டீ வாங்கினார். வழக்கம்போல டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "பயமா இருந்துச்சு மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஊசிக்கு மாறிய பிறகு வாந்தி குறைந்தது. வீக்கம் ஒரே நாளில் வடிந்துவிடவில்லை. வடிவதும் திரும்புவதுமாக இழுத்தது. தாடைக்கு மரக்குச்சிப் பயிற்சி தந்தோம்: ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே மெதுவாக நுழைத்து, வலிக்காத இடத்தில் நிறுத்திப் பிடித்திருக்க வேண்டும். பழகப் பழக அடுக்கில் ஒரு குச்சி கூடும். மதியங்கள் திரும்ப வந்தன. வெந்நீர்த் துவாலை, வேப்பமர நிழல், தூரத்து வெடி. அவளைப் பார்த்த பிறகு மூட்டு வீங்கி வருகிற எந்தப் பிள்ளையையும் சீஃப் என் அறைக்கு அனுப்பாமல் விட்டதில்லை. எது முந்தி என்ற கேள்விக்கு எங்கள் காலத்தில் பதில் கிடைக்கவில்லை. நிவேதாவிடம் கேட்டேன், உறவு இருப்பதாகத் தெரிகிறது, காரணம் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை என்கிறாள். அவள் காலத்தில் கிடைக்கலாம். மூட்டு ஆறியது மருந்தாலா, ஈறு சுத்தமானது எவ்வளவு உதவியது என்று யாராவது கேட்டால், சீஃப் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்ன 'தெரியாது' என்பதைத்தான் நானும் சொல்வேன்.

சீஃப் இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். பவித்ரா கல்லூரியில் படிக்கிறாள். சில வருடமாக மருந்து தேவைப்படவில்லை. குளிர்நாளில் இடது மணிக்கட்டு கொஞ்சம் முனகும் என்கிறாள். கண் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் போகிறாள்.

ஆனால் எழுத உட்கார்ந்த முதல் நாளிலிருந்து எனக்குள் திரும்பத் திரும்ப வருவது, அவளுக்கு ஊசி தொடங்கிய பிறகு வந்த தை மாதத்து மதியம் ஒன்றுதான். பொங்கல் முடிந்த வாரம். பேச்சியம்மாள் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜோதி துவாலையைக் கன்னத்தில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். நான் கருவிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பவித்ரா நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. இலை நிழல் அவள் நெற்றியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சத்தம் போடாமல் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அசைந்தாள். கண் திறக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டிச் சோம்பல் முறித்தாள். துவாலை நழுவி விழுந்தது. அவளுக்குக் கொட்டாவி வந்தது.

வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மோவாய் கோணவில்லை. நேராக, நிதானமாக, ஒரு பூனைக்குட்டியின் வாய்போல அகன்று, கடைவாய்ப் பற்கள் தெரிந்து, உள்நாக்கு தெரிந்தது. டாக்டர் சொல்லாமல் தானாகவே திறந்த ஒரு வாயை அந்த நாற்காலியில் நான் பார்த்தது அன்றுதான்.

பேச்சியம்மாள் பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கும் கொட்டாவி வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு முழுக் கொட்டாவி. அதைப் பார்த்து ஜோதிக்கு வந்தது. நான் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையில் இருந்த தட்டோடு நானும் வாயைப் பிளந்தேன்.

பவித்ரா கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, எல்லாரும் கொட்டாவி விடுறீக? தூக்கம் வருதா?"